வாயில் முட்டை வைத்திருந்த மீன்

1987 ஐப்பசி, செவ்வாய் இரவு.

கரண்ட் இல்லாததால் காலை முழுக்க சைக்கிள் பம்பால் மீன்தொட்டிக்குக் காற்றடித்தேன். கீரிமலைக் கடலில் பிடித்த கார்டினல் மீன்கள் ஏழும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் நின்றன. ஆண் மீன் சில நாட்களாக முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காத்தது. இரை போட்டாலும் தின்னவில்லை.

"உவர் நல்ல தகப்பன்தான்" என்று மனைவி யோகம் ஆண் மீனைக் காட்டிச் சிரித்தாள்.

மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கைக்குள் ஆமி வந்தது. கைக்குழந்தையோடு முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கினோம். பூட்ஸ் சத்தம் தலைக்கு மேலே கேட்டபோது பிள்ளை அழத் தொடங்கினான். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

"கையை எடுங்கோ, பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றாள் யோகம்.

சத்தம் போய் முடியுமட்டும் நான் எடுக்கவில்லை. பிள்ளை நீலமாகிக் கிடந்தான். முதுகில் தட்டத் தட்டக் கடைசியில் ஒரு மூச்சு வந்தது.

வீட்டுக்குள் பூட்ஸ் தடங்கள். தொட்டி உடையவில்லை, ஏழு மீன்களும் இருந்தன. ஆண் மீனின் வாய் மட்டும் காலி. பயந்தால் அது முட்டைகளை விழுங்கிவிடும் என்று வகுப்பில் நானே படிப்பித்திருக்கிறேன்.

யோகத்துக்குச் சொன்னேன். அவள் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையின் கன்னத்தில் என் விரல்கள் இன்னும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவனைத் தூக்கக் கை நீட்டினேன்.

"வேண்டாம். என்னட்டையே இருக்கட்டும்."