எல்லைத் திட்டின் வாத்துகள்

அண்ணை,

நேற்று படகுக் கொட்டிலின் அலுமாரியைத் திறந்தேன். உங்கள் மழைச்சட்டை இன்னும் டீசலும் மீனெண்ணெயுமாக மணந்தது. அதைத் திருப்பி ஒப்படைக்கும்படி எங்கள் பறவைக் கணக்கெடுப்பு அலுவலகம் எழுதியிருந்தது. நான் ஒப்படைக்கவில்லை, ஒப்படைக்கப் போவதுமில்லை.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. இந்தக் குளிர்காலம் கடல்வாத்துகளை ஜெர்மன் எல்லைவரை எண்ணினால் போதுமாம். போலந்துப் படகோடு சேர்ந்து எண்ணுவது வீண் வேலையாம். வாசிக்க வாசிக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

எங்கள் முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? நீங்கள் படகோட்ட, நான் எண்ணினேன். மிச்சத்தைப் போலந்துக்காரர் எண்ணுவார்கள் என்று எல்லைக்கு முன்னமே திரும்பிவிட்டோம். அவர்களும் அப்படியே நினைத்துத் திரும்பியிருந்தார்கள். எல்லைக்கு நடுவே, வாத்துகள் சிப்பிக்காக மூழ்கும் ஆழமற்ற மணல்திட்டு இரண்டு நாட்டு வரைபடத்திலும் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையைக் காட்டித்தான் எங்கள் துறைமுக மீனவர் ஒருவர் அங்கே வலைபோட அனுமதி கேட்டார்.

யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் வலை இழுத்த உங்களுக்கு, மூழ்கும் பறவையை வலை என்ன செய்யும் என்று விளக்கத் தேவைப்படவில்லை. கரையோர வலையொன்றில் சிக்கி மூழ்கிச் செத்த வாத்தொன்றை ஐஸ் பெட்டியில் போட்டு, ஒருவரிடமும் கேளாமல் போலந்துத் துறைமுகத்தில் வாத்து எண்ணுபவர்களிடம் கொண்டுபோனீர்கள். பிடிபட்டிருந்தால் வேலை போயிருக்கும். திரும்பி வந்து சிரித்தீர்கள்: "இது எந்த நாட்டு வாத்தெண்டு கேட்டன் தங்கச்சி. ஒருத்தராலயும் சொல்ல ஏலாமப் போச்சு."

அதன்பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு படகுகளும் ஒரே காலையில் புறப்பட்டுத் திட்டில் சந்தித்தன. எண்ணிக்கையைப் பார்த்தபின் அந்த மீனவரும் தன் மனுவைத் திருப்பி வாங்கினார்.

இன்று அலுவலகத்தில் டெர்மின், நேரில் வரச் சொல்லி நேரம் குறித்திருந்தார்கள். அந்தப் பக்கத்து வாத்துகளைப் பற்றி எனக்கென்ன என்று அதிகாரி கேட்டார். காலையில் இங்கே மேய்வதுதான் மத்தியானம் அங்கே மேய்கிறது என்றேன். படகு தர ஏலாது என்றார்.

தராவிட்டால் போகட்டும். போலந்துப் படகில் எண்ணும் மாக்தா சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டாள். இந்தப் பக்கத்துப் படகு, அன்று அனுமதி கேட்ட அதே மீனவருடையது. அவரே ஓட்டுகிறார். உங்கள் செத்தவீட்டில் கடைசிவரை நின்றவர் அவர்.

நீங்கள் இல்லாத கடலில் எனக்குப் பயம்தான், அண்ணை. மறைக்கவில்லை. ஆனாலும் போறன். அந்தத் திட்டில் ஒன்றுமில்லை என்று இனி ஒருவரும் எழுத நான் விடமாட்டேன்.