முப்பத்தொரு கட்டளைகள்

பதிவு 1
9 நவம்பர் 2051, காலை 9:10

யாஸ்மின், கள ஆய்வுப் பொறியாளர், குரல் பதிவு. இடம்: நீர்ப்பாறை மலைக்கிராமச் சுகாதார நிலையம். இங்கே டாக்டர் கிடையாது. நர்ஸ் கிரேஸும் ஒரு இயந்திரக் கையும் உண்டு. அடிவார ஆஸ்பத்திரி டாக்டர் வீடியோவில் பார்த்தபடி அந்தக் கையை இயக்குவார். எந்தக் கம்பியில்லா இணைப்பு அதற்குத் தாங்கும் என்று சோதிப்பது என் வேலை.

செயற்கைக்கோள்: படம் துல்லியம், ஒரு வினாடி தாமதம். செல்போன் டவர்: தாமதம் இல்லை, ஊரே சீரியல் பார்க்க உட்கார்ந்தால் திக்குகிறது. பழைய டிவி அலைவரிசை: படம் மங்கல், ஆனால் மரங்களைத் தாண்டி வருகிறது.

பதிவு 2
11 நவம்பர், காலை 10:50

விடாத மழை. மண்சரிவில் சாலை போய்விட்டது. ஆன்டெனாவைத் திருப்பக் கம்பத்தில் ஏறிய என் உள்ளூர் உதவியாளர் துரைக்கண்ணு அண்ணன் வழுக்கி விழுந்தார். விலா உடைந்திருக்கிறது. மூச்சுத் திணறுகிறது. "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்று வாக்கிடாக்கியில் சொன்னது நான்தான்.

பதிவு 3
11:35

செயற்கைக்கோளில் டாக்டர் நாச்சியப்பன்: "விலா நுரையீரலைக் குத்தியிருக்கும்மா. காத்து வெளியே வந்து அதை அமுக்குது. ஊசி போட்டு எடுக்கணும். இந்தத் தாமதத்துல கையை நகர்த்த பயமா இருக்கு. வேற லைன் குடுங்க."

டவருக்கு மாற்றினேன். ஊரே சரிவைப் படம்பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. வீடியோ நகரவே இல்லை.

பதிவு 4
11:58

டவர் அணைந்தது. செயற்கைக்கோளை மழை மறைத்துவிட்டது. மிச்சம் டிவி அலைவரிசை.

டாக்டர்: "புகை மாதிரி தெரியுது. பரவாயில்ல, ஆரம்பிக்கிறேன்."

பதிவு 5
12:19

ஊசி தோலுக்குள் பாதியில் நிற்கிறது. டாக்டர் குரல் மேலே வருகிறது, நாங்கள் அனுப்பும் எதுவும் கீழே போகவில்லை. படம் டாக்டரைச் சேர்ந்தால்தான் கை அசையும். அதுவரை அவர் கட்டளைகள் வரிசையில் காத்திருக்கும்.

"அழுத்துறேன், உள்ள போகலையே. இன்னும் அழுத்துறேன்."

அவர் பார்ப்பது உறைந்துபோன படம். திரையில்: காத்திருப்பவை 31. இணைப்பு திரும்பினால் முப்பத்தொன்றும் ஒரே நொடியில் அண்ணன் நெஞ்சுக்குள் இறங்கும். கத்துகிறேன். என் குரலும் போகவில்லை.

12:20. இணைப்புக் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். டாக்டர் குரலும் போய்விட்டது.

பதிவு 6
12:31

கிரேஸ் தன் கையாலேயே ஊசியை இறக்கினார். புஸ்ஸென்று காற்று வந்தது. அண்ணன் ஆழமாக மூச்சு இழுத்தார். நாங்கள் இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

பிறகு ரத்தம் வந்தது. நிற்கவில்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று கிரேஸுக்கும் தெரியவில்லை. இயந்திரக் கையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேபிளைச் செருகினேன். மூன்று இணைப்பிலும் மாறி மாறிக் கூப்பிடுகிறேன். யாரும் இல்லை.

12:41

அண்ணன் கண் திறந்தார். என்னைத்தான் பார்க்கிறார். இதைக் கேட்பவர் யாராக இருந்தாலும், டாக்டரிடம் சொல்லுங்கள், கண் திறந்துவிட்டார்.

12:44

இன்னும் என்னையே பார்க்கிறார். இமைகூடத் தட்டவில்லை. கிரேஸ் அவர் கண்ணை மூடக் கை நீட்டுகிறார். வேண்டாம் கிரேஸ், கொஞ்சம் பொறுங்கள், அவர்