கருப்புப் புள்ளி மீன்

அக்கா,

காலையில் பென்னாகரம் பஸ்ஸில் ஒரு பெண் மீன் கூடையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஈரச் சாக்கின் வாசனை வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் போய்க்கொண்டிருந்தது உங்கள் வீட்டுக்கு.

ஏரிக்கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த உங்களிடம் நான் முதலில் கேட்டது, கெண்டை மீனின் தோலில் ஏன் இத்தனை கருப்புப் புள்ளி என்றுதான். "மீனுக்கும் மச்சம் இருக்கும் மேடம்" என்று சிரித்தீர்கள். கல்லூரியில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஓர் இளம் தட்டைப்புழு சுருண்டு கிடந்தது. யாரும் இதுவரை எழுதிவைக்காத இனமோ என்று தோன்றியது. ஆனால் அது முழுதாக வளர்வது மீன் தின்னும் பறவையின் குடலில். வளர்ந்த புழுவைப் பார்க்காமல் விவரிக்க முடியாது. பறவையைக் கொல்லவும் கூடாது.

உங்களிடம் இதைச் சொன்னதை நானே மறந்துவிட்டேன். மழைக்காலத்தில் ஒருநாள், சாக்கில் சுற்றிய நீர்க்காகத்தோடு கல்லூரி வாசலில் நின்றீர்கள். "கரையோரமா செத்துக் கெடந்துச்சுங்க. உங்க புழு இதுக்குள்ள இருக்குதான்னு பாருங்க." வனத்துறையில் அனுமதி வாங்கி அறுத்தேன். இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு நிருபரிடம் பேசினேன். வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்பதையும் சொன்னேன். 'ஏரி மீனில் புழு' என்பது மட்டும்தான் நாளிதழில் வந்தது. உங்களிடம் மீன் வாங்குவதை ஊரார் நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். வேவ வச்சா ஒண்ணும் ஆவாதுன்னு. படிச்சவங்க சொன்னா கேப்பாங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுக் கறிக்கோழிக் கடைக்குப் போனார்கள். அடுத்த வாரமும் கூப்பிட்டீர்கள். தேர்வு வேலை என்றேன். அப்படி எதுவும் இல்லை அக்கா. விற்காத மீனின் முன்னால் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனதையும், அங்கே சாரம் சரிந்து உங்கள் உயிர் போனதையும் ஏரிக்கரை டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன்.

இன்று உங்கள் மகள் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள். புழுவைப் பற்றிய என் கட்டுரை வந்த இதழைக் கொடுத்தேன். புழுவின் படங்களை வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு இங்கிலீசு படிக்க வராதுங்க. அம்மா பேரு எங்க போட்டிருக்குது?"

கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தைப் படித்துக் காட்டினேன்: 'மீன் விற்கும் பெண் ஒருவர் பறவையைக் கொண்டுவந்து தந்தார்.'

"பேரு இல்லீங்களா?"

புழுவுக்குப் பெயர் வைக்க மாதக்கணக்கில் யோசித்தேன். உங்களை அக்கா என்று கூப்பிட்டதோடு சரி. பெயரைக் கேட்டதே இல்லை.

மகளிடம் கேட்டேன். சொன்னாள். சொல்லிவிட்டு இதழை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உங்கள் பெயர் இப்போது எனக்குத் தெரியும், அக்கா. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.