மூன்று இட்லி, மனநிலை அமைதி

ஜூன் 3, செவ்வாய்

முதல் ஷிப்ட். கேன்டீனில் எலுமிச்சை சாதம், உருளை வறுவல். கை கழுவுவதற்குள் போன் அதிர்கிறது. 'உணவுடன் உங்கள் உறவு இன்று எப்படி இருந்தது?' உறவா? சொந்தக்காரர்கள் மாதிரிதான். நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், கல்யாணத்தில் கட்டிப்பிடித்துக்கொள்வோம்.

இந்த ஆப்பின் பெயர் துளிர். நான் வைத்த பெயர் தொல்லை. செங்கல்பட்டில் டாக்டர் இசைவாணி போன மாதம் என் போனில் ஏற்றிக் கொடுத்தது. அள்ளி அள்ளித் தின்பது, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுப்பது என்று இரண்டு வருடம் ரகசியமாக நடத்திய தொழிலை மூடி எட்டு மாதம் ஆகிறது. "திரும்பி வராம பாத்துக்கத்தான் இது, ஜோவிதா. என்ன சாப்ட்ட, யாரோட சாப்ட்ட, மனசு எப்படி இருந்துச்சு, ஒவ்வொரு வேளையும் எழுது" என்றார். ஒழுங்காக எழுதினால் திரையில் ஒரு செடிக்கு இலை முளைக்கும். இருபத்தாறு வயதில் எனக்கு இலைதான் பரிசு.

'நம்பிக்கைக்குரியவரின் எண்' என்று ஒரு கட்டம். நிரப்பாமல் நகரவே விடவில்லை. அம்மாவுக்கு விஷயம் தெரியாது. ஹாஸ்டலில் ஒரே அறையில் படுக்கும் பாண்டிச்செல்விக்கும் தெரியாது. லீவு கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட ஒரே எண்ணைப் போட்டேன் – லைன் சூப்பர்வைசர் சுப்பராயன். அந்த மனிதரிடம் ஒரு வாரம் லீவு வாங்கிவிடலாம் என்பதே பெரிய நம்பிக்கைதானே.

ஜூன் 5, வியாழன்

பன்னிரண்டாவது இலை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

அச்சிறுபாக்கம் சர்ச்சில் அத்தை பேரனுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் விழா. பந்தியில் அன்னபுஷ்பம் அத்தை, கோயில் மணிக்குக் கேட்கிற குரலில்: "கம்பெனி சோறு இவளுக்கு நல்லா ஒத்துக்கினு கீது! கன்னத்த பாரு, ரெண்டு பன்னு வச்ச மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். நீயுமாம்மா? நீ எதுக்குச் சிரிச்ச?

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டிறங்கி ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது, இன்று நடக்கப்போகிறது என்று. பாண்டிச்செல்வி சினிமாவுக்குப் போயிருந்தாள். அவள் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து அனுப்பிய சீனிச்சேவு டப்பா அலமாரியில் இருந்தது.

போச்சு. எட்டு மாசம் போச்சு.

தொல்லை கேட்டது: மாலை உணவு? மூன்று இட்லி. மனநிலை? அமைதி. உடனே ஓர் இலை முளைத்தது. மரமண்டை.

ஜூன் 10, செவ்வாய்

பாண்டிச்செல்வி காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன எலிட்டி இது! தின்னுட்டு மூடியத் திருப்பி வேற மூடி வச்சிருக்கு!"

நானும் எலியைத் திட்டினேன். அவளைவிடச் சத்தமாக.

வார்டனம்மா பொறி கொண்டுவந்து என் கட்டிலுக்கடியில் வைத்தார். உள்ளே மசால்வடைத் துண்டு. அதையும் இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். இவ்ளோ தூரம் வந்துட்டனா?

ஜூன் 12, வியாழன்

ஞாயிறுக்குப் பிறகு இன்னும் இரண்டு முறை. செடியோ தழைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்று இட்லி, அமைதி. மூன்று இட்லி, அமைதி. பொய் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இனி அதைத் திறக்கப்போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து தலை சுற்றல். எங்கள் லைனில் காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டி அனுப்புகிறோம்; கடைசியாகப் பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. சரியாகப் பொருந்தாத ஒரு முனையைப் பார்க்காமல் குத்திவிட்டேன். அடுத்த மேசையில் பிடித்துவிட்டார்கள்.

"கண்ணு எங்க கீது உனுக்கு? வண்டி நடு ரோட்ல நின்னா யாரு பதில் சொல்றது?" – சுப்பராயன்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

ஜூன் 18, புதன்

இந்த நாளை எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

டீ நேரத்தில் சுப்பராயன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. போனை நீட்டினார்.

'உங்கள் அன்புக்குரிய ஜோவிதா ஐந்து நாட்களாக மௌனமாக இருக்கிறார். அவருக்கு இப்போது உங்கள் துணை தேவை. அறிவுரை கூறாதீர்கள். உடலைப் பற்றிப் பேசாதீர்கள். அவருடன் அமர்ந்து உண்ணுங்கள். உண்டபின் அரை மணி நேரம் உடனிருங்கள்.'

"இன்னாம்மா இது? அன்புக்குரியன்னு போட்டு கீது. காலையில மொதல்ல என் வூட்டுக்காரிதான் பாத்தா. இன்னும் ஒரு வார்த்தை பேசல."

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. எங்கள் ஒரகடம் கம்பெனியில் எல்லா இடத்திலும் கான்கிரீட். சொல்லவேண்டியதாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டு வியாதி, வாந்தி, டாக்டர், எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மறுபடி போனைப் படித்தார், புது மெஷினுக்கு வந்த செய்முறைத் தாளைப் படிப்பதுபோல, விரலை வைத்து வரி வரியாக.

மதியம் கேன்டீனில் என் எதிரில் தட்டோடு வந்து உட்கார்ந்தார். மொத்தக் கேன்டீனும் திரும்பியது.

"அட்வைஸ் கூடாதுன்னு கீது. அதனால நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். துன்னு."

தின்றேன். முடித்ததும் எழுந்தேன். "உக்காரு. அரை மணி போட்டு கீது" என்று வாட்சைப் பார்த்தார். எதைப் பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை. வாலாஜாபாத்தில் தான் வாங்கிய பம்புசெட் மோட்டார் எப்படிப் புகைந்தது என்று அரை மணி நேரம் சொன்னார். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எந்த மோட்டார் கதையையும் கேட்டதில்லை.

பஸ்ஸில் பாண்டிச்செல்வி பிடித்துக்கொண்டாள். "என்னட்டி, சூப்பர்வைசரோட சேந்து சாப்புடுத? லைன் பூரா பேச்சு."

அவளிடமும் சொன்னேன். எலியையும்.

முதலில் பஸ்ஸே திரும்பும்படி சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். "கேட்டா குடுத்திருக்க மாட்டனாட்டி? களவாண்டு திங்கணுமா?" வல்லம் தாண்டிய பிறகு என் போனைப் பிடுங்கினாள். "அந்த ஆளு நம்பர மொதல்ல தூக்கு. பாவம், சம்சாரி. என் நம்பரப் போடு."

ஜூன் 19, வியாழன்

பெயர் தெரியாத எண்ணிலிருந்து போன். "நீதானாம்மா அந்த அன்புக்குரிய?" – திருமதி சுப்பராயன். கால் மணி நேரம் விளக்கினேன். கடைசியில், "சரி, அந்தாளு எதிர்ல உக்காந்து துன்றப்போ சத்தம் போட்டு மெல்லுவாரு. பொறுத்துக்கோ" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

அரைநாள் லீவு, செங்கல்பட்டு. டாக்டரிடம் போனை நீட்டி, எட்டாம் தேதியிலிருந்து எழுதியதெல்லாம் பொய் என்றேன்.

"பாத்தாலே தெரியுது. வேளா வேளைக்கு மூணு இட்லி, வேளா வேளைக்கு அமைதி. எனக்கே அவ்ளோ அமைதி கிடையாது."

சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அத்தை சொன்னதை அப்போதுதான் முதன்முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். டாக்டர் இனி வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள்.

ஜூலை 2, புதன்

பன்னிரண்டு நாளாக ஒருமுறைகூட நடக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

இன்று மாலை மறுபடி நடந்தது. காரணம் தேடினேன், அகப்படவில்லை. சும்மா ஒரு வியாழக்கிழமை.

முகம் கழுவக்கூட இல்லை. நேரே மாடிக்குப் போனேன். பாண்டிச்செல்வி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "பண்ணிட்டேன்" என்றேன். பாதித் துணியை என் தோளில் போட்டாள். இருவரும் மடித்து முடித்தோம். பிறகு தயிர்சாதம் பிசைந்து நடுவில் வைத்தாள். ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

ஆப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். மனநிலை என்ற இடத்தில் 'கேவலம்' என்று போட்டேன். அந்தச் சொல் அதன் பட்டியலில் இல்லையாம். நானே சேர்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் எழுந்தபோது பசித்தது. பயமில்லை, கணக்கில்லை, வெறும் பசி. இரண்டு தோசை சாப்பிட்டேன். மூன்றாவது கல்லில் இருக்கும்போதே கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, தின்றுகொண்டே ஏறினேன்.