ஓர் அழுத்து என்றால் ஆமாம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று அப்பாவின் இடது ஷூவுக்குள் ஒரு பேனா மூடியைப் போட்டு வைத்தேன். ஏப்ரலில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து எங்கள் இருவரின் குறும்புப் போர் நின்றுபோயிருந்தது. (கடைசி நிலவரம்: நான் 31, அவர் 28. ஒப்புக்கொள்ள மாட்டார்.) நானே மறுபடி ஆரம்பித்து வைக்கலாம் என்று நினைத்தேன்.

ஜன்னலோரம் ஒளிந்து காத்திருந்தேன். மருந்துக் கடை வரை போனார், திரும்பி வந்தார். விசில் வேறு. ஷூவைக் கழற்றும்போது மூடி உருண்டு விழுந்தது. குதிகாலில் சின்னப் பள்ளம். சாக்ஸில் ரத்தம்.

"இது எப்போ?" என்று கேட்டார். என்னை அல்ல, காலை.

"மரத்துப்போனதெல்லாம் சரியாப்போச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறவர்.

சிரிப்பதற்காகத்தான் ஒளிந்திருந்தேன். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

நூலகத்தில் முழுப் பீரியடும் உட்கார்ந்து படித்தேன். (ஏதாவது வைத்திருக்கிறேனா என்று நூலகர் இரண்டு முறை வந்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனார், பாவம்.)

தலாமஸ். மூளையின் நட்டநடுவில், ஆழத்தில், இரண்டு சின்ன முட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி. ஆளுக்குத் தலா இரண்டு, அதனால்தான் தலாமஸ். (இல்லை. ஆனால் பரீட்சையில் அப்படித்தான் எழுதப்போகிறேன்.) கண் பார்ப்பது, காது கேட்பது, தோலில் படுவது, எதுவானாலும் இங்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மூளையின் மேல்மாடிக்குப் போக வேண்டும். பின்கோடியில் கண்ணுக்கு ஓர் அறை, காதுக்கு ஓர் அறை, சற்று முன்னால் உடம்புக்கு ஓர் அறை. தூங்கும்போது வாசலைச் சாத்துவதிலும் இதற்குப் பங்கு உண்டு. வாசனை மட்டும் கையெழுத்து வாங்காமல் சுவரேறிக் குதித்து நேராகப் போய்விடுமாம். என் கட்சி.

வலது முட்டை உடம்பின் இடது பாதிக்கு. அப்பாவின் வலது முட்டையில், உடம்புக்கான அறையில், பட்டாணி அளவு இடம் ரத்தம் போகாமல் செத்துவிட்டது. கையில் பலம் இருக்கிறது. தோல் நன்றாக இருக்கிறது. நரம்பு நன்றாக இருக்கிறது. சேதி கிளம்புகிறது, வந்து சேர்கிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பட்டாணி. நான் தட்டில் ஒதுக்கி வைக்கிற பட்டாணி.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா லாண்டரிக்கு வேலைக்குப் போனதும் அப்பா கூப்பிட்டார்.

"மூடி வெச்சது நீதானே?"

"எந்த மூடி?"

"உன் வாய்க்குப் போட வேண்டிய மூடி."

ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், குரலைத் தாழ்த்தினார்.

"பத்தொம்பதாம் தேதி டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லிட்டுப் பஞ்சால தொட்டுத் தொட்டுப் பார்ப்பாங்க. எல்லாம் தெரியுதுன்னா, அச்சகத்துல மறுபடி கட்டிங் மெஷினுக்குப் போகலாம்னு எழுதித் தருவாங்க. திருட்டுத்தனத்துல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஏதாவது வழி பண்ணும்மா."

பிறந்ததிலிருந்து என்னை அவர் இப்படிப் புகழ்ந்ததே இல்லை. உருகிவிட்டேன்.

திட்டம்: நான் அவருக்கு வலது பக்கம் உட்காருவேன். டாக்டர் இடது பக்கம் தொட்டால், என் ஷூவால் அப்பாவின் வலது ஷூவில் ஓர் அழுத்து. அந்தக் கால்தான் நன்றாக இருக்கிறதே! என் ஸ்கூல் பை இருவர் கால்களையும் மறைத்துக்கொள்ளும்.

ஜூன் 10, செவ்வாய்

ஒத்திகை. இருபதுக்குப் பத்தொன்பது. ஏப்ரலுக்குப் பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். நானும். அச்சகத்தில் கட்டிங் மெஷினில் இருபத்திரண்டு வருஷம், பத்து விரலும் பத்திரம் என்று விரித்துக் காட்டினார்.

ஜூன் 12, வியாழன்

பள்ளி விட்டதும் அப்பாவோடு அச்சகத்துக்குப் போனேன். "சும்மா எட்டிப் பார்த்துட்டு வருவோம்" என்றார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மெஷினில் இப்போது நிற்கிற அண்ணன் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்து வெட்டிக் காட்டினார். நானூறு தாள். சத்தமே இல்லை. கத்தி இறங்கியது, ஏறியது.

பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, "நீங்க ஒரு கட்டை வைங்கண்ணே, பார்த்து நாளாச்சு" என்றார். அப்பா காகிதத்தைத் தட்டி நேராக்கி, இடது கையால் கத்திக்கு அடியில் தள்ளினார். அழகாகத்தான் இருந்தது. முதலாளி பின்னாலிருந்து ஏதோ கேட்டார். அப்பா திரும்பிப் பதில் சொன்னார்.

"அண்ணே, கை" என்றார் அந்த அண்ணன்.

"எடுத்துட்டேன்பா" என்றார் அப்பா, திரும்பாமலே.

எடுக்கவில்லை. கை அங்கேயே இருந்தது. கத்திக்கு அடியில். ஐந்து விரலும்.

ஜூன் 13, வெள்ளி

கண்ணை மூடினால் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குச் சொல்வதும் அதே அறை வழியாகத்தான் வரவேண்டுமாம். நூலகப் புத்தகம், பக்கம் 212.

ஜூன் 16, திங்கள்

"அப்பா, வேண்டாம்ப்பா" என்றேன்.

"பார்த்துக்கிட்டே வேலை செஞ்சா போச்சு."

"அன்னிக்குப் பார்க்கலையே."

"அந்த மெஷினை விட்டா எனக்கு என்னம்மா தெரியும்? ஜன்னல்ல உக்காந்து தெருவை எண்ணவா?"

 

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "விளையாட உனக்கு இதுதான் கிடைச்சுதா? அவரே இப்பத்தான் தேறி வர்றார்."

சரிதான். மார்ச்சில் லாண்டரிக்கு போன் போட்டு, வீட்டில் குழாய் வெடித்துவிட்டது என்று அழுதவள் நான். அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். டாக்டரிடம் சொன்னால் மட்டும்? அப்பா "இவ இப்படித்தான் டாக்டர்" என்று சிரிப்பார். டாக்டரும் சிரிப்பார். என் சொல்லை யார் வாங்குவார்கள்? ஏன் வாங்க வேண்டும்?

ஜூன் 19, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

அப்பா கண்ணை மூடினார். பஞ்சு தோளில் பட்டது. அழுத்தினேன். "தொட்டீங்க." மணிக்கட்டு. அழுத்தினேன். "தொட்டீங்க." டாக்டரம்மா முகத்தில் சந்தோஷம். "ரொம்ப நல்லா முன்னேறி இருக்கீங்களே!"

பஞ்சை மேசையில் வைத்துவிட்டு, எழுதுவதற்காக ஃபைலைத் திறந்தார்.

அப்போது அழுத்தினேன்.

"தொட்டீங்க" என்றார் அப்பா.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. நான் மறுபடி அழுத்தினேன்.

"இப்பவும்" என்றார் அப்பா. எவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்.

 டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பையை நகர்த்தினேன். என் ஷூ அப்பாவின் ஷூவின் மேல் இருந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். பஞ்சைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

மெஷின் வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அப்பா முன் சீட், நான் பின் சீட். அவர் கழுத்து மட்டும் தெரிந்தது.

ஜூன் 20, வெள்ளி

32–28. இப்படியும் ஒரு ஜெயிப்பு.

ஜூன் 25, புதன்

அப்பா இன்றும் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட அம்மா வழியாகத்தான். என் எதிரிலேயே இருக்கிறது உப்பு.

ஜூலை 2, புதன்

முதலாளி அப்பாவை வரச் சொன்னார். அச்சான தாள்களைப் பார்த்து, மை பிசிறியதைக் கழிக்கிற மேசையில் வேலை. போனார். வந்தார். எப்படி இருந்தது என்று அம்மா கேட்டாள். "கண்ணுக்குத்தான் வேலை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். கோபமா, அழுகையா, தெரியவில்லை. கதவு வரை போனேன், தட்டவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் குளியலறையிலிருந்து குரல். அம்மா வீட்டில் இல்லை. என்னைத்தான்.

"இங்க வா."

வாளியில் ஆவி பறந்தது. அப்பா துண்டோடு பக்கத்தில் நின்றார், வாளியைப் பார்த்துக்கொண்டு.

"தண்ணி எப்படி இருக்கு, சொல்லு."

வலது கையால் அவரே தொட்டுப் பார்த்திருக்கலாம். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

விரலை விட்டேன். "சூடு அதிகம்ப்பா. பச்சத்தண்ணி ஊத்தணும்."

குழாயைத் திறந்தார். "இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்போ?"

"போதும்."

குழாயை மூடினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. இடது கையை முழங்கை வரை உள்ளே விட்டார்.