நீ சும்மா இருந்த வருஷங்கள்

மத்தியானம் தீப்பெட்டிக் கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும், எர்ணாவூரிலிருந்து புதிதாக வந்திருக்கிற பெண் என் பக்கத்தில் வந்து தூக்கைத் திறந்தாள். கருவாட்டு வாசனையோடு பேச்சும் வந்தது. "அக்கா, உன் வூட்டுக்காரர் இன்னா வேலை பண்ணிகினு இருந்தாரு?" செத்தவரைப் பற்றிக் கேட்கிறோமே என்று குரலைத் தணித்துத்தான் கேட்டாள். என் நாக்கில் முதலில் வந்து நின்ற சொல் எது தெரியுமா? சும்மா. 'கடைசில சும்மாதான் இருந்தாரு.' சோற்றோடு சேர்த்து அதை விழுங்கினேன். அதற்குள் மறுபடி சங்கு ஊதிவிட்டது. அப்போதிருந்து உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அந்தச் சொல்லை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது நீதானே.

ராயபுரத்து ஒற்றை அறையில், ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போய் வருவதற்குள் நீ பாயை விரித்து கட்சி வகுப்புக்குத் தயாராகிவிடுவாய். கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். பெரம்பூர் ரயில்வே பட்டறையிலிருந்து பாடம் எடுக்கத் தோழர் வருவார். கை உழைத்துத்தான் மனுஷன் மனுஷனானான், உழைக்கிறவன் பக்கம்தான் வரலாறு நிற்கிறது என்று அவர் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனாமல் கம்பெனியில் வாரம் முழுக்கத் தட்டுக்கும் குவளைக்கும் பூச்சு மாவு அடித்து, சூளைச் சூட்டில் வெந்துபோன ஆள், அந்த ஒரு காலை மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பாய். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஒரு வாரம் தோழர் என்னைக் காட்டி, "தங்கச்சி எங்க வேலை செய்யுது?" என்று கேட்டார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவளா? வூட்ல சும்மாதான் கீறா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாய்யா சும்மா? நா தேய்க்கிற சட்டி, துவைக்கிற துணி, அதெல்லாம் இன்னா?" தோழர் பொறுமையாக விளக்கினார். அதுவும் பாடுதான் தங்கச்சி, ஆனால் சந்தைக்குப் போகிற பொருள் எதையும் அது உண்டாக்குவதில்லை, அதனால் மதிப்பில் சேராது என்றார். நான் விடவில்லை. "அவர் மாவடிச்ச தட்டு தட்டாவே கீது. நா தேய்ச்ச சட்டி சாயந்தரமே அழுக்காவுது. நிக்காத வேலைன்னா வேலையே இல்லியா?" நீதான் பதில் சொன்னாய்: "புரட்சி வந்தா பொது சமையக்கூடம் வந்துடும், உனுக்கு விடுதல." "அங்க சட்டி தேய்க்கப் போறது யாரு?" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

தோழர் போனபிறகு இன்னொன்று கேட்டேன். மூலையில் உன் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். "உழைச்சாதான் மனுஷன்னா, அப்ப அத்தை யாரு?" நீ முறைத்தாய். "எத்தக் கொண்டாந்து எதுல முடிச்சுப் போடற?" என்றாய். நெற்றி வியர்வை சிந்தித்தான் சாப்பிட வேண்டும் என்று கோயிலில் பாதர் சொன்னார், நம் பாயில் உட்கார்ந்து தோழரும் வியர்வை என்றார். இரண்டு பேருடைய கணக்கிலும் அத்தைக்கு இடம் இல்லை.

அப்புறம் அந்த மாவு உன் நெஞ்சில் இறங்கியது. கம்பெனி உன்னை வீட்டுக்கு அனுப்பியது. சங்கம் எவ்வளவோ பேசிப் பார்த்தது, கதவு திறக்கவில்லை. நான் தீப்பெட்டி ஒட்டப் போனேன். பெண்கள் வருவதற்கு முன்பே நீ குழாயடிக்குப் போய்விடுவாய், குடத்தோடு உன்னை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாய். அத்தையைத் துடைத்து, புடவை மாற்றி, கஞ்சி ஊட்டுவாய். நீ வைக்கிற கவலை மீன் குழம்பு என் குழம்பைவிட நன்றாகவே இருந்தது. அதைச் சொன்னால் திட்டின மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாய். யாராவது கூப்பிட்டால் துடைப்பம் கதவுக்குப் பின்னால் போய்விடும். ஆலைச் சங்கு ஊதினால் மட்டும் சட்டென்று எழுந்து சட்டையைத் தேடுவாய். தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் மறுபடி உட்கார்வாய்.

ஒரு நாள் நான் வேலை விட்டு வந்தபோது தோழர் வாசலில் நின்றிருந்தார். "இப்ப இன்னா பண்றே?" என்று உன்னைக் கேட்டார்.

"இன்னா பண்றது தோழர். வூட்ல சும்மாதான் கீறேன்."

உன் விரலில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் உன்னைக் குத்திக்காட்டவில்லை. நீயே அவர் போனதும் கேட்டாய்.

"சொல்லு, இப்ப நா யாரு?"

"என் புருஷன்."

"அது ஒரு வேலையா?"

உன்னைப் படுக்கையில் தள்ளியது மாவுதான். ஆனால் எழுந்து உட்கார முடிந்த நாளிலும் உன்னைத் தலைநிமிர விடாதது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு. கம்பெனியில் மேஸ்திரிக்கு எதிரே உன்னை நிமிர்ந்து நிற்க வைத்ததும் அதே பேச்சுதான், அதனால் அதைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. உன் பெட்டிமேல் சிவப்புக் கொடி போர்த்தினார்கள். கல்லறையில் தோழர் அழுதுகொண்டே பேசினார். கம்பெனிவரை எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகு நீ இருந்த வருஷங்களை எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

சாயந்திரம் கேட்டைத் தாண்டினதும் அந்தப் பெண்ணை நானே பிடித்து நிறுத்தினேன். "கேட்டியே. எனுக்கு முன்னால எழுந்து தண்ணி புடிப்பாரு. அவுங்கம்மாவக் குளிப்பாட்டுவாரு. கொழம்பு வெச்சி இந்தத் தூக்குல போட்டுக் குடுப்பாரு. மூச்சு வுட முடியாது அவரால. ஆனா ஒரு நாளும் நா காலித் தூக்கோட வரல."

அவள் முழுசாகக் கேட்டாள். கண் கலங்கியது அவளுக்கு. "பாவம்க்கா," என்றாள். பிறகு, "ஆனா நா அத்தக் கேக்கல. வேலை இன்னா பண்ணாருன்னு கேட்டேன்."

எத்தனை வருஷமாக உன்னோடு சண்டை போட்டவள் நான். என்னிடமும் வேறு சொல் இல்லை.

"எனாமல் கம்பெனில இருந்தாரு," என்றேன்.

"அப்டி சொல்லுக்கா," என்று நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் உன் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.