அப்பா ஒட்டிய வால்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் என் மானம் போன கதை. நேற்று நீ போனில், “ரெண்டு தடவை குடும்பக் குழுவுக்கு மெயில் போட்டுக் கேட்டேன், ஒருத்தரும் வாயைத் தொறக்கல, அதனால இங்கேயே இருந்துக்கறேன்” என்றாயே, எந்தக் கடிதம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் மாமாவைக் கூப்பிட்டேன். அவன் கம்ப்யூட்டரைக் குடைந்துவிட்டு, அம்மா எதிரிலேயே, “மச்சான், திருடனை வெளியில தேடாதீங்க” என்று சிரித்தான்.

நீ எழுதியது ஆபீஸ் முகவரியிலிருந்து. அந்த ஆபீஸ் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறதாம். தங்கள் பெயரில் வரும் மின்னஞ்சலில் தாங்கள் வைத்த முத்திரை கலைந்திருந்தால் அது போலி, வாசலிலேயே துரத்துங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறதாம். நம் குழுவோ வருகிற ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘குடும்பக் குழு, நிர்வாகி: அப்பா’ என்று ஒரு வாலை ஒட்டித்தான் எல்லாருக்கும் அனுப்புகிறது. ஒட்டச் சொன்ன அறிவாளி நான்தான். வால் ஒட்டியதும் முத்திரை கலைந்து, பெற்ற மகளின் கடிதம் போலியாகிவிட்டது. ‘போய்ச் சேரவில்லை’ என்ற தகவல் அத்தனையும் நிர்வாகிக்குத்தான் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில் நீளமாக இருந்ததால் கடன் அட்டை விளம்பரம் என்று ஒவ்வொன்றாக அழித்தேன். உன் அத்தைக்குப் போன மடல்கள் திரும்பித் திரும்பி வந்ததில், அவள் முகவரியே செத்துவிட்டது என்று குழு தானாக அவளை நீக்கிவிட்டது. அவள் அம்மாவிடம், “உன் புருஷனுக்குப் பதவி வந்ததும் கூடப் பொறந்தவ கண்ணுக்குத் தெரியல போல” என்றாளாம். நானோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு கடிதம்கூடப் போடாத என் மகளுக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ அங்கே, வேலையை விட்டு வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

வாலை நேற்றே வெட்டியாயிற்று. இந்தக் கடிதத்தையும் குழுவை நம்பாமல் உனக்கே நேராக அனுப்புகிறேன். திங்கட்கிழமை அங்கேயே வேலையில் இருப்பதற்கான அந்த மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு. பதிலை உன் சொந்த முகவரியிலிருந்து போடு. நேரத்துக்குத் தூங்கு, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. போனில் நீ முடிவைச் சொன்னதும், “உன் இஷ்டம்மா” என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். நாக்கு நுனிவரை வந்தது அது இல்லை. வந்துடும்மா.

உன் அப்பா